புதுப்பிப்பு: ரெட்வுட் மரத்துக்குள் மினிவேன் நுழையுமா? பார்த்துவிட்டு வந்தாச்சு

கலிஃபோர்னியாவின் லெகெட்டில் உள்ள ஷாண்டிலியர் மரம், அடிமரத்தில் கார் நுழைந்து போகத் துளை குடைந்த ராட்சத ரெட்வுட் மரம். அதற்குள் வாடகை மினிவேனை ஓட்டலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

நுழையாது. துளையின் அகலம் 6 அடி, உயரம் 6 அடி 9 அங்குலம். ‘பக்கக் கண்ணாடியை மடக்கினால் போதும்’ என்று வந்த யோசனை சின்ன காருக்குத்தான் சரி. எங்கள் வேன், கண்ணாடியை விட்டுவிட்டாலே ஆறரை அடி அகலம். ‘கிளம்பும் முன் டேப் வைத்து அளந்துவிடுங்கள்’ என்றவர்தான் காப்பாற்றினார். இல்லையென்றால் பின்னால் வரிசை நிற்க, ரிவர்ஸ் எடுத்துத் திண்டாடியிருப்பேன்.

அங்கே நடந்தே உள்ளே போனோம். அதுவே மேல் என்பேன். 1930களில் குடைந்த துளை. உள்சுவர் வண்டிகள் உரசி உரசி வழவழப்பாகியிருக்கிறது. வெளிப்பட்டையோ தேங்காய் நார் மாதிரி, அழுத்தினால் விரல் லேசாக அமுங்குகிறது. மரம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. (அம்மா கேட்டார்: "இதுதான் கடத்துறாங்களே, அந்த செம்மரமா?" இல்லை, அது வேறு.)

அப்புறம், இன்னொருவர் சொன்ன கிளாமத் ஊர் மரம். அதுவும் இப்படித் துளை குடைந்த ரெட்வுட்தான். 101ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 150 மைல். துளை 7 அடி 4 அங்குல அகலம், 9 அடி 6 அங்குல உயரம். கண்ணாடியை மட்டும் மடக்கினேன், வேன் கீறல் இல்லாமல் வெளியே வந்தது.

எதிர்பாராதது நேரம்தான். வழியில் ரெட்வுட் காட்டுக்குள் போகும் ‘அவென்யூ ஆஃப் தி ஜயன்ட்ஸ்’ சாலை வெறும் 31 மைல். ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தோம், அரை நாள் ஆகிவிட்டது.