[கலைச்சொல்] மவுண்ட், அன்மவுண்ட்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அனுப்புநர்: மொழியாக்கி
திங்கள், இரவு 9:12

அனைவருக்கும் வணக்கம்.

ஹைக்கூ இயங்குதளத்தின் தமிழாக்கத்தில் வட்டுகள் பற்றிய பகுதி என் பங்கு. மற்ற வரிகள் எல்லாம் முடிந்தன. ஒரே ஒரு வினைச்சொல்லில் மூன்று நாளாக முட்டிக்கொண்டு நிற்கிறேன். மவுண்ட்.

மவுண்ட் என்றால், செருகிய வட்டின் கோப்புகளைத் திறக்க முடியும்படி கணினியோடு சேர்ப்பது; அன்மவுண்ட் அதன் எதிர்வினை. ஹைக்கூவைப் பார்க்காதவர்களுக்காக: பழைய பீஓஎஸ் இயங்குதளத்தின் வழியில் 2001-இல் தொடங்கிய திறமூலத் திட்டம் இது. இதில் விரலியை (பென் டிரைவ்) செருகினால் உடனே மேசைத்திரையில் படம் வந்துவிடும் என்று நம்பக்கூடாது. தானாக மவுண்ட் செய்வதற்கு மூன்று தேர்வுகள் உண்டு: எதையும் செய்யாதே, பீஓஎஸ் வட்டுகள் மட்டும், எல்லா வட்டுகளும். நடுவில் உள்ளது தேர்வாகியிருந்தால், ஃபேட் கோப்பு முறைமையில் வடிவமைத்த சாதாரண விரலி கண்ணில் படாது. வெற்றுத்திரையில் வலச்சொடுக்கி, மவுண்ட் பட்டியலைத் திறந்து, பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் 'விரலி வேலை செய்யவில்லை' என்று கைவிடுகிறார்கள்.

அப்புறம் ஓர் எச்சரிக்கைப் பெட்டி. பீ கோப்பு முறைமை இல்லாத வட்டாக இருந்தால், ஹைக்கூவின் வழுக்களால் தரவு கெட்டுவிடலாம், எனவே படிக்க மட்டும் மவுண்ட் செய்வது நல்லது என்று சொல்லும். கீழே பொத்தான்கள். பொத்தானில் இடம் கொஞ்சம்தான்.

இப்போதைக்கு 'ஏற்று, இறக்கு' என்று போட்டு வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்தால் எனக்கே பதிவேற்றம், பதிவிறக்கம் மாதிரி இருக்கிறது. வெள்ளி இரவுக்குள் கோப்பை அனுப்ப வேண்டும். உதவுங்கள்.

---

அனுப்புநர்: ஏர்க்காரன்
திங்கள், இரவு 10:47

தம்பி, சொல் நம்மிடம் இருக்கிறது. வெளியே தேட வேண்டாம். பூட்டு.

பூட்டு என்றதும் சாவி நினைவுக்கு வருவது நம் காலத்துக் குறை. காண், காட்டு. உண், ஊட்டு. அதே வாய்ப்பாட்டில் பூண், பூட்டு. பூண்பது தன்வினை, பூட்டுவது பிறவினை. ஏர் பூட்டினான், வில்லில் நாண் பூட்டினான், தேரில் குதிரை பூட்டினான். தனித்தனியே கிடக்கும் இரண்டை ஒன்றோடொன்று சேர்த்து வேலைக்கு ஆயத்தமாக்குவதுதான் பூட்டுதல். மாடு கொட்டிலில் நின்றால் உழவு நடக்குமா? விரலி துளையில் நின்றால் கோப்பு திறக்குமா? இரண்டும் ஒன்றுதான்.

இன்னும் பாருங்கள். உலக்கையின் நுனியில் இருப்பது பூண். கழுத்தில் கிடப்பது பூண். துறவு பூண்டான், போர்க்கோலம் பூண்டான் என்கிறோம். அடிமை பூண்டான் என்பதும் உண்டு. கணினி வட்டைப் பூண்கிறது, நாம் பூட்டுகிறோம். தானாக மவுண்ட் ஆவதற்குத் தனிச்சொல்லே வேண்டாம், 'பூண்டது' போதும். அன்மவுண்டுக்கு 'அவிழ்'. நுகத்திலிருந்து மாட்டை அவிழ்ப்பதுபோல.

---

அனுப்புநர்: நிரலாளி
செவ்வாய், காலை 7:30

> தனித்தனியே கிடக்கும் இரண்டை ஒன்றோடொன்று சேர்த்து

ஐயா, படிக்க இனிமையாக இருக்கிறது. ஆனால் கடவுச்சொல் போட்டு மறையாக்கம் செய்த வட்டுகளும் உலகத்தில் உண்டு. அதற்கான உதவிப் பக்கத்தில் நான் இப்படி எழுத வேண்டிவரும்: 'பூட்டிய வட்டின் பூட்டைத் திறந்து, பிறகு பூட்டவும்.' படிப்பவர் கணினியைப் பூட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்.

சொல்லைத் தேடும் முன் நடப்பது என்ன என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன். விரலியைச் செருகியதும் கணினி அதை 'நீ யார்' என்று கேட்கிறது. 'நான் 08-ஆம் வகுப்பு' என்று அது பதில் சொல்கிறது. 08 என்றால் யூஎஸ்பியில் சேமிப்புச் சாதனம். உடனே யூஎஸ்பி வட்டு இயக்கி அதைக் கையில் எடுத்துக்கொள்ளும். (டிரைவரும் இயக்கி, டிரைவும் இயக்கி. அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.) பெரும்பாலான விரலிகளோடு நடக்கும் பேச்சு வட்டுகளுக்கான பழைய ஸ்கசி கட்டளைகள்தான். 31 பைட் உறைக்குள் கட்டளை போகும், 13 பைட்டில் முடிவு வரும். இந்தக் கட்டத்தில் கணினிக்கு அந்த விரலி 512 பைட் துண்டுகளின் நீண்ட வரிசை, அவ்வளவுதான். கோப்பும் இல்லை, கோப்புறையும் இல்லை. பிறகு வட்டின் பிரிவு அட்டவணையை (பார்டிஷன் டேபிள்) படித்து, உள்ளே ஃபேட் இருக்கிறதா, பீ முறைமை இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்கும். அதற்கும் பிறகுதான் மவுண்ட். அப்போதுதான் விரலியின் கோப்பு மரம், கணினியின் கோப்பு மரத்தில் ஒரு கிளையாகச் சேர்கிறது.

ஆகவே நமக்கு வேண்டிய சொல் 'செருகு' என்பதோடு குழம்பவே கூடாது. என் நிபந்தனை இது ஒன்றுதான்.

கிளை சேர்கிறது என்பதால் என் முதல் விருப்பம் 'ஒட்டு'. ஒட்டுச்செடி மாதிரி. ஆனால் நகலெடு, ஒட்டு என்று அதை ஏற்கனவே செலவழித்துவிட்டோம்.

---

அனுப்புநர்: மெய்யெழுத்து
செவ்வாய், காலை 11:05

சொல்லுக்கு முன் எழுத்தைப் பார்ப்போம். 'ஹைக்கூ' என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. வடசொல்லுக்கே வடவெழுத்தை ஒருவச் சொன்ன மரபு நம்முடையது. 'ஐக்கூ' என்றாவது எழுதலாம். கவிதை வடிவத்துக்குத் துளிப்பா என்ற பெயர் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. இயங்குதளத்தையும் 'துளிப்பா' என்றால் என்ன?

---

அனுப்புநர்: நிரலாளி
செவ்வாய், காலை 11:09

ஐயா, அது பெயர். உங்கள் பெயரை யாராவது மொழிபெயர்த்தால் ஒப்புக்கொள்வீர்களா? இணையத்தில் துளிப்பா என்று தேடுகிறவருக்கு நிறுவற்கோப்பு கிடைக்காது, கவிதைதான் கிடைக்கும்.

'பழையன கழிதலும்' நூற்பாவை இரண்டு பக்கமும் எடுக்க வேண்டாம் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன். போன தடவை அதிலேயே ஒரு மாதம் போனது.

---

அனுப்புநர்: வகுப்பறை
செவ்வாய், மாலை 6:20

பழைய மடிக்கணினிகளில் ஹைக்கூ போட்டு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து ஒன்று.

'பொருத்து, கழற்று' என்றுதான் நான் கரும்பலகையில் எழுதிவந்தேன். பொருந்து, பொருத்து. எல்லோருக்கும் தெரிந்த சொல். போன பருவத்தில் ஒரு மாணவி கட்டுரையை விரலிக்கு நகலெடுத்தாள். நகலெடுக்கும் சாளரம் மூடிவிட்டது. விரலியின் சின்ன விளக்கு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. அடுத்து என்ன என்று பலகையைப் பார்த்தாள். 'கழற்று' என்று இருந்தது. கழற்றிவிட்டாள், கையால். வீட்டில் போய்த் திறந்தபோது கோப்பின் பெயர் இருந்தது, அளவு 0 பைட்.

தப்பு அவளுடையது இல்லை, என் சொல்லுடையது. கணினி எழுத வேண்டியதை நினைவகத்தில் வைத்துக்கொண்டு ஆற அமர எழுதுகிறது, ஃபேட் முறையில் பாதியில் நின்றதைச் சரிசெய்ய, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் குறிப்பேடும் கிடையாது என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தது பலகையில் இருந்த சொல் மட்டுமே.

ஆகையால் மவுண்டைவிட அன்மவுண்டுக்கான சொல்தான் எனக்கு முக்கியம். அதைப் படித்தவுடன் கை விரலிக்குப் போகக்கூடாது.

---

அனுப்புநர்: ஏர்க்காரன்
செவ்வாய், இரவு 9:58

அம்மா சொல்வது நியாயம். அதனால்தான் 'அவிழ்' என்றேன். விரலியில் முடிச்சு எதுவும் இல்லை, எனவே கை போகாது.

---

அனுப்புநர்: சும்மா படிப்பவன்
செவ்வாய், இரவு 10:15

கை போகாது சரி. 'வட்டை அவிழ்க்கவா?' என்று திரையில் கேட்டால் வகுப்பறையில் சிரிப்பை யார் அடக்குவது?

நான் எப்போதும் பேசுவதில்லை, ஒரே ஒரு கேள்வி. மவுண்ட் என்றே விட்டால் என்ன? இந்த வேலையைச் செய்கிற எல்லோரும் வாயால் 'மவுண்ட் பண்ணு' என்றுதான் சொல்கிறோம். இந்த மடலாடலிலேயே எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறீர்கள்.

---

அனுப்புநர்: மெய்யெழுத்து
புதன், காலை 8:40

எல்லோரும் சொல்கிறார்கள் என்பது எல்லோரும் புரிந்துகொண்டார்கள் என்பதற்குச் சான்று ஆகாது. முதல் மடலிலேயே சொல்லியிருக்கிறார், மவுண்ட் என்ற பட்டியலைக் கண்டும் அதைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள் என்று. அந்தச் சொல் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்று. தனியாக எனக்கு வந்த மடலில் ஒரு நண்பர் 'விறலியைக் கணினியில் ஏற்றி' என்று எழுதியிருக்கிறார். விரலில் வைத்துக்கொள்ளும் அளவில் இருப்பதால் விரலி, இடையின ரகரம். வல்லின றகரம் போட்டால் விறல்பட ஆடும் விறலி, பாணனோடு வள்ளலைத் தேடிப் போகிறவள். அவளை ஏற்றி இறக்குவது வேறு திணை.

---

அனுப்புநர்: நிரலாளி
புதன், காலை 9:02

விறலியாற்றுப்படைதான் நாம் எழுதிக்கொண்டிருக்கும் உதவிப்பக்கம் என்றும் சொல்லலாம். போகும் வழி, கிடைக்கும் பரிசில், எல்லாம் இருக்கிறது.

விஷயத்துக்கு வருவோம். வரலாறு பார்த்தால் 'ஏற்று'தான் நேர்மையான சொல். 1971-இல் வந்த யூனிக்ஸ் முதற்பதிப்பின் கையேட்டிலேயே மவுண்ட் இருக்கிறது. வட்டு என்றால் கையால் தூக்கி இயக்கியில் ஏற்றி வைக்கும் பொருளாக இருந்த காலம் அது. செருகுவதும் ஏற்றுவதும் அன்று கிட்டத்தட்ட ஒரே வேலை. இன்று இரண்டாகப் பிரிந்துவிட்டது, சொல் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. ஆங்கிலத்திலும் இதே குழப்பம்தான். அவர்கள் பழகிக்கொண்டார்கள்.

ஒரு வேடிக்கை. யூனிக்ஸில் எதிர்வினைக் கட்டளை 'அன்மவுண்ட்' இல்லை, 'உமவுண்ட்'. நடுவில் ஒரு மெய்யைக் காணோம்.

---

அனுப்புநர்: மெய்யெழுத்து
புதன், காலை 9:20

இடைக்குறை. செய்யுளுக்கு மட்டும் உரிய விகாரம், கட்டளைக்கு ஏன் தந்தார்கள்?

---

அனுப்புநர்: நிரலாளி
புதன், காலை 9:24

ஹைக்கூவில் அந்த மெய்யைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அங்கே முழுசாக 'அன்மவுண்ட்' என்றே தட்ட வேண்டும்.

பிளான் 9 என்று ஓர் இயங்குதளம் இருக்கிறது. அதில் ஒவ்வொரு செயலுக்கும் தனிப் பெயர்வெளி. நான் ஒரு சாளரத்தில் மவுண்ட் செய்தது பக்கத்துச் சாளரத்தில் தெரியாமல் இருக்கலாம். கூடவே 'பைண்ட்' என்று இன்னொரு கட்டளை. நாம் இன்று தேர்வு செய்யும் சொல் நாளை அங்கேயும் நிற்க வேண்டும். 'பிணை' என்ற சொல்லை அதற்காக ஒதுக்கிவைக்கச் சொல்கிறேன். மவுண்டுக்கு அதை எடுத்துவிடாதீர்கள்.

---

அனுப்புநர்: மொழியாக்கி
புதன், இரவு 11:31

பிளான் 9-ஐ யார் தமிழாக்குகிறார்கள் என்று கேட்கலாமா? எனக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது.

இதுவரை வந்தவற்றைப் பொத்தானில் போட்டுப் பார்த்தேன். 'படிக்க மட்டும் ஏற்று' என்றால் 'படிப்பதை மட்டும் ஒப்புக்கொள்' என்றும் படிக்கலாம், ஏற்று ஏற்பதன் வினையெச்சமும் ஆகிவிடுகிறது. 'படிக்க மட்டும் பூட்டு' என்றால் படிக்கவே முடியாதபடி அடைத்துவிட்டதுபோல் இருக்கிறது. 'சேர், பிரி' என்று போட்டால் வட்டின் பிரிவோடு (பார்டிஷன்) குழம்புகிறது. 'இணை, துண்டி' என்றால் வலைப்பின்னல். 'படிக்க மட்டும் பொருத்து' ஒன்றுதான் உறுத்தாமல் வருகிறது.

---

அனுப்புநர்: வகுப்பறை
வியாழன், காலை 6:50

பொருத்து எனக்கும் சம்மதம், எதிர்ச்சொல் கழற்றாக இல்லாவிட்டால். 'விடுவி' எப்படி? கணினி அதைப் பிடித்து வைத்திருக்கிறது, விடச் சொல்கிறோம். விடுவிக்கும் வேலை கணினியுடையது என்று சொல்லிலேயே தெரிகிறது. 'விடுவித்த பின் விரலியை எடுக்கவும்.' நேற்று நான்கு மாணவர்களிடம் இந்த வாக்கியத்தைக் காட்டினேன். நான்கு பேரும் முதலில் சுட்டியைத்தான் தொட்டார்கள்.

---

அனுப்புநர்: நிரலாளி
வியாழன், காலை 10:12

விடுவி நன்றாக இருக்கிறது. பொருத்து செருகுவதோடு குழம்பும் என்ற என் ஐயம் போகவில்லை. 'விரலியைச் செருகி, பின் பொருத்தவும்' என்றால் சரியாகப் போகவில்லை என்று இன்னும் அழுத்திச் செருகுவார்கள். ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. வாக்கியத்தில் 'வட்டுப் பட்டியலில்' என்று எப்போதும் சேர்த்து எழுதினால் சமாளிக்கலாம். என் வாக்கு, அரைமனதோடு.

---

அனுப்புநர்: சும்மா படிப்பவன்
வியாழன், காலை 10:20

பொருத்து, விடுவி. (வாயால் மவுண்ட்தான்.)

---

அனுப்புநர்: ஏர்க்காரன்
வியாழன், இரவு 9:44

பெரும்பான்மை அதுவென்றால் இருக்கட்டும். ஆனால் பதிவாகட்டும் என்று சொல்கிறேன்: பொருத்து என்பது கதவுக்குக் கீல் போடுகிறவன் சொல். இரண்டு பக்கமும் உயிரோடு இயங்கும் சேர்க்கைக்குப் பூட்டுதான். பூண் என்ற வேரிலிருந்து இன்னும் எட்டுச் சொற்கள் எடுத்து வைத்திருக்கிறேன், நாளை தனி மடலில் அனுப்புகிறேன்.

---

அனுப்புநர்: மொழியாக்கி
வெள்ளி, இரவு 10:55

பொருத்து, விடுவி என்றே கோப்பை அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி. இணைப்பில் ஒரு படி.

---

அனுப்புநர்: மெய்யெழுத்து
வெள்ளி, இரவு 11:18

படித்தேன். எச்சரிக்கைப் பெட்டியில் 'இந்த வட்டைப் படிக்க மட்டும் பொறுத்தவும்' என்று இருக்கிறது. வல்லின றகரம். அவ்வட்டைப் படித்து முடிக்கும்வரை நாம் பொறுமை காக்க வேண்டும் என்று பொருளாகிறது.

---

அனுப்புநர்: மொழியாக்கி
வெள்ளி, இரவு 11:26

பொறுத்தருள்க. இப்போதே திருத்தி மறுபடி அனுப்புகிறேன்.

---

அனுப்புநர்: ஏர்க்காரன்
வெள்ளி, இரவு 11:40

பூட்டு என்று எழுதியிருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது.