கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஏ.ஏ. கூட்டம்: பாலக்காடா, கோவையா?

கேள்வி: நாங்க கேரளா, பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைங்க. அண்ணன் குடியை விடறேங்கிறார். மலையாளம் புரியும், பேச வராது. ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவங்க சேர்ந்து பேசற குழு) கூட்டத்துக்கு எங்கே போறதுங்க? காசு கட்டணுமா?

பதில்: தினமும் குடிக்கிறவர்னா முதல்ல டாக்டருங்க. சட்டுனு நிறுத்தினா 6 மணி நேரத்துலயே கை நடுங்கலாம், 2 நாளுக்குள்ள வலிப்பே வரலாம். நம்ம பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் 'கள்ளுதானே'ம்பாங்க, அதுவும் ஆல்கஹால்தான்.

பதில்: கட்டணம் இல்லைங்க. கூட்டத்துல நன்கொடைப் பை சுத்தி வரும், போடாட்டி யாரும் கேக்க மாட்டாங்க. பேர் மட்டும் சொன்னாப் போதும், முதல் நாள் பேசாமலும் உக்காரலாம். ஆனா மனசுவிட்டுப் பேசத் தாய்மொழி வேணும், கோவைத் தமிழ்க் கூட்டமே என் ஓட்டு. கிளம்பறதுக்கு முன்னாடி போன்ல 'ஓப்பன் மீட்டிங்'கான்னு கேளுங்க. 'குளோஸ்டு'ன்னா குடிப் பிரச்சினை உள்ளவருக்கு மட்டும், துணைக்குப் போறவங்க வெளியே நிக்கணும்.

பதில்: அண்ணிக்கு அல்-அனான் (குடிக்கிறவங்க குடும்பத்தாருக்கான குழு) தனியா இருக்குங்க. குடியை விட ஆலோசனை கேக்க 14446, இலவசம்.