பீடோங்கிலிருந்து சனிக்கிழமைக் காலை நடை: பாட்டி, பிள்ளைகளோடு எங்கே போகலாம்?

தோட்டத்து வீடு:
வணக்கம். மொத்தம் 11 பேர். பாட்டிக்கு 70 வயசு, முழங்கால் வலி உண்டு. 5, 8, 9 வயசுல மூணு பிள்ளைங்க. மத்தவங்க எல்லாம் பெரியவங்க, அதுல நாலு பேர் கூட்டாளிங்க. மாசத்துல ரெண்டு சனிக்கிழமை கெடாவுல இருக்கிற பீடோங்லேர்ந்து காலைல கிளம்பி, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பணும். மூணு இடம் யோசனைல இருக்கு: பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து மண் ரோடு, பழங்காலக் கோயில் இருக்கிற மெர்போக் அருங்காட்சியகம், துப்பா அருவி. ஜெராய் மலை ஏறுறது இப்போதைக்கு இல்ல. எதை முதல்ல வச்சுக்கலாம்? எதுல கவனமா இருக்கணும்?

ஜெராய் அடிவாரம்:
முதல்ல மெர்போக். காரணம் பாட்டியும் 5 வயசுப் பிள்ளையும்தான். கூட்டத்துல யார் ரொம்ப மெதுவா நடப்பாங்களோ அவங்கதான் தூரத்த முடிவு பண்ணணும். அந்த வயசுப் பிள்ளை நின்னு நின்னு பார்த்துப் போனா மணிக்கு 2 கிலோமீட்டர்தான் வரும். அதனால முதல் மாசம் போய்வர மொத்தம் 2 கிலோமீட்டருக்கு மேல வேணாம்.

அருங்காட்சியக வளாகத்துல புக்கிட் பத்து பஹாட் கோயில் மேட்டுல, ஓடைக்குப் பக்கத்துல இருக்கு. அது தன் சொந்த இடத்துலேயே நிக்குது. வளாகத்துல இருக்கிற மத்த சில கட்டட அடித்தளங்கள் வேற இடங்கள்லேர்ந்து பெயர்த்துக் கொண்டுவந்து வச்சது. பிள்ளைங்களுக்கு ஒரு வேலை குடுங்க: மண்டபத் தரையில மரத்தூண் நிறுத்தின கல் பீடம் எத்தனை இருக்குன்னு எண்ணச் சொல்லுங்க. 1025ல ராஜேந்திர சோழன் படை வந்த கடாரத்தை இந்தக் கெடா மண்ணோட சேர்த்துத்தான் சொல்றாங்க. அதைப் புத்தகத்துல படிக்கிறது வேற, அங்க நின்னு சொல்றது வேற. கல்லு மேல ஏற விடாதீங்க. பாசி பிடிச்ச கருங்கல் மழைக்குப் பிறகு சோப்பு மாதிரி வழுக்கும், கல்லுக்கும் கெடுதல்.

வெள்ளிக்கிழமைக்கு மாத்திடாதீங்க. நண்பகல் தொழுகைக்கு அரசு இடங்களை அடைக்கிற வழக்கம் உண்டு. சனிக்கிழமை காலைதான் சரி. அருங்காட்சியகம் திறந்ததுமே நடக்க ஆரம்பிச்சா வெயில் ஏறுறதுக்கு முன்னாடி காருக்கு வந்துடலாம். திரும்புற நேரத்தை வீட்டுலேயே முடிவு பண்ணுங்க. 10 மணின்னு வச்சா, எங்க நின்னாலும் 10 மணிக்குத் திரும்பிடணும்.

தண்ணி: பெரியவங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர், பிள்ளைங்களுக்கு அதுல பாதி. போக, காருல 3 லிட்டர் தனியா இருக்கட்டும்.

மழைமானி:
துப்பா அருவிய ரெண்டாவது மாசத்துக்குத் தள்ளி வைங்க. ஆத்துல இறங்கும் முன்னாடி குடும்பத்துல எல்லாருக்கும் கெப்பாலா ஆயேர், அதாவது மலையிலேர்ந்து திடீர்னு இறங்குற வெள்ளம், பத்திச் சொல்லியே ஆகணும். ஜெராய் 1,217 மீட்டர், சரிவு செங்குத்து, ஆத்தோட நீளமும் கம்மி. மேல கொட்டுற மழை கொஞ்ச நேரத்துலேயே ஒரே அலையா கீழ இறங்கிடும். நீங்க நிக்கிற இடத்துல வெயில் அடிக்கலாம், மேல மட்டும் பெய்யும். 2021 ஆகஸ்ட் 18ல யான் மாவட்டத்துப் பக்கம் மலையிலேர்ந்து மரமும் பாறையும் தண்ணியோட வந்து உயிர் போச்சு. அதே மலையோட இன்னொரு பக்கம்தான் துப்பா.

அடையாளம் பார்க்கப் பழகுங்க. தெளிஞ்ச தண்ணி திடீர்னு பழுப்பாகும். இலை, சுள்ளி, நுரை அதிகமா வரும். மேலேர்ந்து லாரி ஓடுற மாதிரி தொடர்ந்து இரைச்சல் கேட்கும். சில நேரம் நீர்மட்டம் திடீர்னு குறையும், ஏன்னா மேல மரம் அடைச்சு நிக்குது. அது உடைஞ்சா மொத்தமா வரும். இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் சட்டி, பாய், செருப்பு எதையும் எடுக்க நிக்காதீங்க. ஆத்தோட நீளத்துக்கு ஓடாம, நேரா கரை ஏறி மேட்டுக்குப் போங்க. ஆத்து நடுவுல இருக்கிற பாறை பாதுகாப்பு இல்ல, மாட்டிக்கிறவங்க அங்கதான் மாட்டுவாங்க.

போனதும் முதல் வேலை, தண்ணி ஓரத்துல ஒரு கல்லைப் பார்த்து மட்டம் எதுவரைக்கும்னு குறிச்சுக்கிறது. குளிக்காத பெரியவர் ஒருத்தர் மேல்பக்கம் பார்த்து உட்காரணும், அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாத்திக்கலாம். கையில விசில் இருக்கட்டும். அருவிச் சத்தத்துல கத்தினா கேட்காது.

முதல் நாள் ராத்திரி பலமா மழைன்னா போகவே வேணாம். நம்ம வடக்குல ஜனவரி, பிப்ரவரிதான் காய்ஞ்ச காலம். ஏப்ரல், மே மாசத்துலயும் செப்டம்பர்லேர்ந்து நவம்பர் வரைக்கும் மத்தியானத்துக்கு மேல இடி மழை வழக்கம், அதனால 11 மணிக்குள்ள ஆத்த விட்டு வெளிய வந்துடுங்க. வனத்துறை தடுப்பு போட்டிருந்தா தாண்டாதீங்க. குளிக்கிற இடத்தைத் தாண்டிக் காட்டுக்குள்ள போகணும்னா முன்கூட்டியே அனுமதி கேளுங்க.

காலுல புண் இருக்கிறவங்க தண்ணியில இறங்க வேணாம். எலி மூத்திரத்தால வர்ற காய்ச்சல் புண் வழியாச் சுலபமா ஏறும். குளிச்ச ஒரு மாசத்துக்குள்ள காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தா, ஆத்துல குளிச்சதை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

நிரை பாதை:
செம்பனைத் தோட்டம் சும்மாதானேன்னு பல பேர் நினைக்கிறாங்க. அது தனியார் நிலம். ஆபீஸ்ல சொல்லிட்டுப் போங்க, எந்தப் பக்கம் அன்னைக்குக் குலை வெட்டுறாங்கன்னும் கேளுங்க. 10 நாள், ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பகுதிக்கும் வெட்டு வரும். வெட்டுற பக்கம் போகவே கூடாது. ஒரு குலை 20 கிலோ இருக்கும், மட்டையும் கூடவே விழும். நீளக் கம்பத்துல அரிவாளோட நிக்கிறவருக்கு மேலதான் கண்ணு, உங்களைப் பார்க்க மாட்டார்.

ரெண்டு நிரைக்கு நடுவுல மட்டை அடுக்கி வச்சிருப்பாங்க. அதுல கால் வைக்காதீங்க: எலி அங்க, எலியைத் தேடிப் பாம்பும் அங்க. அதுக்கு அடுத்த இடைவெளியில ஆள் நடக்கிற வெறும் தடம் இருக்கும், அதுல ஒருத்தர் பின்னால ஒருத்தரா போங்க. மட்டை அடி முள் குத்தினா ஆழமா இறங்கும். முனை உள்ள ஒடிஞ்சிருந்தா கிளினிக்குல எடுங்க, தோண்டாதீங்க. மரத்தைச் சுத்திப் புல் மஞ்சளாக் கருகியிருந்தா மருந்து அடிச்சிருக்காங்க. அங்க உட்காரவும் வேணாம், பிள்ளைங்க உதிரிப் பழம் பொறுக்கவும் வேணாம்.

கம்பத்து மேல மரப்பெட்டி தெரிஞ்சா அது ஆந்தைக்கு வச்சது, எலி பிடிக்க. பிள்ளைங்களுக்குக் காட்டுங்க, தட்ட விடாதீங்க.

பாம்பு கடிச்சா கட்டுப் போடாதீங்க, கீறாதீங்க. கடிச்ச கை காலை அசைக்காம வச்சு 999 கூப்பிடுங்க. நாகம் கண்ணுல துப்பினா சுத்தத் தண்ணியில 15 நிமிஷத்துக்குக் குறையாம கழுவிக்கிட்டே ஆஸ்பத்திரி.

தோட்டத்து வீடு:
ரொம்ப நன்றிங்க. காலுக்கு என்ன போடுறது? துப்பால அட்டை இருக்கும்னு பயப்படுறாங்க. உப்பு கொண்டு போகலாமா?

ரப்பர் செருப்பு:
உப்பு வேணாம். உப்பு, நெருப்பு, தைலம் எது பட்டாலும் அட்டை உறிஞ்சினதைக் காயத்துக்குள்ளேயே கக்கிடும், சீழ் பிடிக்க வழி. நகத்தைத் தோலோட ஒட்டி வச்சு, மெல்லிசான முனையை முதல்ல தள்ளுங்க, அதுதான் வாய். உடனே தடிச்ச முனையையும் தள்ளிச் சுண்டி விடுங்க. ரத்தம் சீக்கிரம் நிக்காது. அட்டையோட எச்சில் ரத்தத்தை உறைய விடாது. கழுவி, பத்து நிமிஷம் அழுத்திப் பிடிச்சு, பிளாஸ்டர் போடுங்க. பிள்ளைங்க சிவப்பைப் பார்த்து அழுவாங்க, முன்னாடியே சொல்லி வைங்க. நீளக் காலுறைக்குள்ள கால்சட்டை முனையைத் திணிச்சா பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

காலணிக்கு, பால்வெட்டுக்குப் போறவங்க போடுற கறுப்பு ரப்பர் காலணி, அதான் அடிடாஸ் கம்போங்னு சொல்றது. ஒரே வார்ப்பு, அடியில பல் உண்டு, தண்ணி நிக்காது, விலையும் மலிவு. உள்ள மெத்தை கிடையாது, அதனால தடிச்ச காலுறை கட்டாயம். பெருசா வாங்கினா இறக்கத்துல கால் முன்னாடி ஓடிக் கட்டைவிரல் நகம் கறுத்துப் போகும். நகத்தை வெட்டிட்டுப் போங்க.

பாட்டிக்கு மட்டும் இது வேணாம். குதிகாலை இறுக்கிப் பிடிக்கிற, மெத்தை உள்ள விளையாட்டுக் காலணி வாங்கிக் குடுங்க.

ஜெராய் அடிவாரம்:
பாட்டிக்கு இன்னொண்ணு. முழங்கால் ஏத்தத்தை விட இறக்கத்துலதான் வலிக்கும், புக்கிட் பத்து பஹாட் மேட்டுலேர்ந்து இறங்கும்போது பாருங்க. ரெண்டு கையிலும் கம்பு குடுங்க. முழங்கையை மடக்கினா செங்கோணம் வர்ற உயரம் சரி. இறங்கும்போது கம்பு முதல்ல, அப்புறம் வலிக்கிற கால், கடைசியா நல்ல கால். ஏறும்போது நல்ல கால் முதல்ல. 5 வயசுப் பிள்ளையோட கையைப் பிடிக்கிற பொறுப்பை அவங்களுக்குக் குடுக்காதீங்க, பிள்ளை இழுத்தா ரெண்டு பேரும் விழுவாங்க.