உங்க வீட்ல யார் சம்பாதிக்கிறாங்க? மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் (அனுபவப் பகிர்வு)

கதவோரம்:
நேரா விஷயத்துக்கு வர்றேன். வீட்ல நான் சம்பாதிக்கறேன், அவர் பையனையும் வீட்டையும் பாத்துக்கறார். ஏன், எப்படின்னு இங்க நிறையப் பேருக்கு விளக்க வேண்டாம். எங்களுக்குள்ள அதுல சண்டையே கிடையாது. அதனாலதான் இது உறுத்துது.

கொழுந்தனார் குடும்பத்தோட வெளிய சாப்பிடப் போயிருந்தோம். முடிச்சதும் சர்வர் வழக்கம்போல பில்லை என் வீட்டுக்காரர் முன்னாடி வெச்சார். மேசைக்கு அடியில என் முழங்கால்ல ஏதோ பட்டது. பாத்தா அவர் கை. உள்ளங்கை விரிஞ்சிருக்கு. முகம் மட்டும் தம்பிகிட்ட கிரிக்கெட் பேசிட்டிருக்கு. நான் கார்டை எடுத்து அடியிலயே வெச்சேன். அவர் அதை மேல கொண்டுவந்து பில் மேல போட்டார். "அண்ணன் இருக்கும்போது நாம ஏன் பர்ஸைத் தொடணும்"னு கொழுந்தனார் சிரிச்சார். நானும் சிரிச்சேன்.

இன்னிக்கு வரைக்கும் நாங்க அதைப் பத்திப் பேசலை. யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

அரைத்தூக்கம்:
நான் உங்க வீட்டுக்காரர் இடத்துல இருக்கற ஆள். பில் எல்லாம் பழகிடுச்சு. எனக்கு ஆறாதது கிளினிக். பாப்பாவுக்கு விடாத காய்ச்சல். எத்தனை மணிக்கு எவ்வளவு இருந்துச்சு, எந்த மருந்து எத்தனை மில்லி, எல்லாம் போன்ல குறிச்சு வெச்சிருந்தேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "அம்மா வரலையா?" ஆபீஸ்ல இருக்காங்கன்னேன். "அப்ப போன் போடுங்க, கொஞ்சம் விவரம் கேக்கணும்."

போட்டேன். ஸ்பீக்கர்ல அவ, "ஒரு நிமிஷம் டாக்டர்"னு சொல்லிட்டு, "ஏங்க, நேத்து ராத்திரி எவ்வளவு இருந்துச்சு?"ன்னு என்னையே கேக்கறா. நான் சொல்றேன், அவ அதைத் திருப்பிச் சொல்றா, அவ சொன்னதை டாக்டர் எழுதறார். நான் எதிர் நாற்காலியிலதான் உக்காந்திருக்கேன் சார்!

நிதானம்:
என் அனுபவம் சிறியது. வேலை இல்லாமல் இருந்த காலத்தில், மனைவியின் சம்பளம் கணக்கில் ஏறியதாகக் குறுஞ்செய்தி வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அவ்வளவுதான்.

கதவோரம் அவர்களுக்குச் சில யோசனைகள். முதலில் இருவர் பெயரிலும் ஒரு பொதுக் கணக்கு. குடும்பப் பணம் முழுவதும் அதில் விழட்டும். அதிலிருந்து இருவருக்கும் சம அளவில் கைச்செலவு, கணக்குக் கேட்கக் கூடாது. அவர் பெயரில் ஒரு ஆட்-ஆன் கார்டு வாங்கிவிட்டால் மேசைக்கு அடியில் வேலையே இல்லை. அடுத்து, ஆயுள் காப்பீடு. சம்பாதிப்பவருக்கு மட்டும் எடுத்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். வீட்டில் இருப்பவர் இல்லாமல் போனால் அவர் செய்த வேலையை எல்லாம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும், எனவே அவருக்கும் எடுங்கள். அவர் தன் தொழிலில் தொடர்பு விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம்.

முக்கியமாக, மனசு மாறட்டும் என்று காத்திருக்காதீர்கள், விதி போடுங்கள். சுவீடனில் குழந்தை பராமரிப்பு விடுப்பை 1974-லேயே அப்பாவும் எடுக்கலாம் என்று ஆக்கினார்கள். ஆரம்பத்தில் எடுத்தவர்கள் வெகு சிலர். 1995-ல், ஒரு மாதத்தை அம்மாவுக்கு மாற்றித் தர முடியாது, எடுக்காவிட்டால் போய்விடும் என்றார்கள். அதன்பிறகுதான் அப்பாக்கள் பெருவாரியாக விடுப்பு எடுத்தார்கள். 2002-ல் இரண்டு மாதம், 2016-ல் மூன்று மாதம். உங்கள் வீட்டிலும் பில்லை ஒரு முறை அவர், ஒரு முறை நீங்கள் என்று வைத்துப் பாருங்கள்.

கதவோரம்:
நன்றி சார், ஆனா நான் யோசனை கேக்கலை. பொதுக் கணக்கு இருக்கு. ஆட்-ஆன் கார்டும் இருக்கு, அன்னிக்கு அவர் பர்ஸ்லயே இருந்துச்சு. அதை விட்டுட்டு என்கிட்ட ஏன் கை நீட்டினார்னுதான் புரியலை.

அரைத்தூக்கம்:
எனக்குப் புரியுது. பெரிய செலவுன்னா உங்களைக் கேக்காம செய்யக் கூடாதுன்னு நினைச்சிருப்பார். தம்பி முன்னாடி வாயால கேக்க முடியுமா? நான் இன்னும் செருப்பு வாங்கக்கூட "வாங்கிக்கவா?"ன்னு கேக்கறேன். அவ திட்டுவா. அப்பவும் கேப்பேன்.

சம்பளப்பட்டியல்:
நான் ஒரு கம்பெனியில சம்பளப் பிரிவுல இருக்கேன். ஒரு பொண்ணுக்கு நல்ல பதவி உயர்வு. கடிதத்தை வாங்கிப் படிச்சிட்டு, கதவைச் சாத்திட்டு என் எதிர்ல உக்காந்தா. "மேடம், இந்த உயர்வை மாசச் சம்பளத்துல சேக்காம வருஷக் கடைசியில மொத்தமா போனஸா குடுக்க முடியுமா?" வரிக்காகக் கேக்கறான்னு நினைச்சு, வரி ஒண்ணும் குறையாதும்மான்னேன். "வரி இல்லை மேடம். மாசத் தொகை அவரோடதைத் தாண்டிடும்."

அவ வீட்டுக்காரர் கெட்டவர் எல்லாம் இல்லை. தினமும் கொண்டுவந்து விட்டுட்டுப் போறவர்தான். யாரும் மிரட்டாமலே அவளா வந்து கேட்டதுதான் எனக்குத் தாங்கலை.

நிதானம் சார், விதி போட்டா சரியாகிடும்னா இதுக்கு என்ன விதி? அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஆய்வாளர்கள் 2018-ல ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. தம்பதிகள் கணக்கெடுப்புல சொன்ன வருமானத்தை வரி ஆவணத்தோட ஒப்பிட்டுப் பாத்தா, மனைவி கூடச் சம்பாதிக்கற வீடுகள்ல புருஷன் சம்பளம் கூட்டியும் மனைவி சம்பளம் குறைச்சும் சொல்லப்பட்டிருக்கு. ரெண்டு பேரும் சேந்து செய்யற வேலை இது. எவனோ முகம் தெரியாத கணக்கெடுப்பாளனுக்கே இந்த மறைப்புன்னா தம்பிக்கு முன்னாடி கேக்கணுமா?

நடு மக:
அம்மா ரிட்டயர்டு டீச்சர், பென்ஷன் வருது. அப்பா மாசம் பொறந்ததும் அவங்க ஏடிஎம் கார்டை எடுத்துட்டுப் போய்ப் பணம் எடுத்து, எண்ணி, "இந்தா, வீட்டுச் செலவுக்கு"ன்னு அம்மா கையில குடுப்பார். சின்ன வயசுல அது அப்பா பணம்னுதான் நினைச்சேன், அப்ப அது அம்மா சம்பளம்.

போன வருஷம் அப்பா எழுந்திரிக்க முடியாம படுத்துட்டார். அம்மாவே போய் எடுத்துட்டு வந்தாங்க. நேரா உள்ள போய் அந்தக் கட்டைப் படுக்கையில இருக்கறவர் கையில வெச்சாங்க. அவருக்கு விரல் நடுக்கம், எண்ண முடியலை. கொஞ்ச நேரம் வெச்சிருந்துட்டு அம்மாகிட்ட நீட்டினார். "இந்தா." அம்மா வாங்கிட்டு சமையல்கட்டுக்குப் போயிட்டாங்க. எனக்குக் கோபம்னா கோபம். அது பாசமா, அடிமைத்தனமான்னு தயவுசெஞ்சு யாரும் எனக்கு வகுப்பெடுக்காதீங்க.

நேர்கோடு:
எல்லாரும் சுத்தி வளைக்கறீங்க. ஆம்பளை சம்பாதிக்கறது, பொம்பளை வீட்டைப் பாக்கறது ஆதிகாலத்துலேர்ந்து வர்ற ஏற்பாடு. மாத்தினா வலிக்கத்தான் செய்யும். தங்கச்சி புருஷன் வீட்டோட இருக்கார். முன்னெல்லாம் நான் போனா வாசல் வரைக்கும் வந்து கூப்பிடுவார். இப்ப என் வண்டி சத்தம் கேட்டதும் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கறார். என்னைக் கண்டா அவருக்கு என்னன்னே தெரியலை.

சம்பளப்பட்டியல்:
நேர்கோடு அண்ணா, எந்த ஆதிகாலம்? வயல்லயும் தறியிலயும் பொண்ணுங்க இல்லாம எந்தக் காலம் ஓடிச்சு? ஒருத்தன் கூலியிலயே குடும்பம் நடக்கணுங்கறது சட்டமா, கோரிக்கையா வந்து ரொம்ப காலம் ஆகலை. ஆஸ்திரேலியாவுல 1907-ல நீதிபதி ஹிக்கின்ஸ் ஒரு தீர்ப்புல, மனைவியும் மூணு பிள்ளையும் இருக்கற தொழிலாளிக்கு நாளுக்கு 7 ஷில்லிங் நியாயமான கூலின்னு வகுத்தார். தொழிலாளிக்கு அது நல்ல தீர்ப்பு, மறுக்கலை. ஆனா "குடும்பத்தைக் காப்பாத்தறவன் அவன்"ங்கற கணக்கை வெச்சே பிறகு பல வருஷம் பொண்ணுங்களுக்கு அங்க குறைச்ச கூலி குடுத்தாங்க. மேற்கு ஜெர்மனியில குடும்பக் கடமைக்கு இடைஞ்சல் இல்லாட்டித்தான் மனைவி வேலைக்குப் போகலாம்னு 1977 வரைக்கும் சட்டமே இருந்துச்சு. இயற்கையான ஏற்பாட்டுக்கு எதுக்குச் சட்டம்?

உங்க மச்சான் ஏன் கதவைச் சாத்தறார்னு தெரியணும்னா, போனதும் முதல்ல என்ன கேக்கறீங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

நேர்கோடு:
"வேலை ஏதாவது கிடைச்சுதா மாப்ளே"ன்னு அக்கறையாத்தான் கேப்பேன்.

எட்டரை மணி:
அரைத்தூக்கம், உங்க கிளினிக் கதையைப் படிச்சதுலேர்ந்து தூக்கம் வரலை. எனக்கு நடந்தது அதே அறையோட மறுபக்கம். எங்க வீட்லயும் பிள்ளையைப் பாத்துக்கறது வீட்டுக்காரர்தான். அவர் பிள்ளையை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போன அன்னிக்கு லீவு போட்டுட்டு நானும் கூடப் போனேன். டாக்டர் என்னைப் பாத்துத்தான் கேட்டார், "எடை எவ்வளவு? எந்த மருந்து ஒத்துக்காது?" எனக்குத் தெரியலை. வீட்டுக்காரரைத் திரும்பிப் பாத்தேன், அவர் கடகடன்னு சொன்னார். ஊசின்னதும் பிள்ளை என் மடியிலேர்ந்து இறங்கி அவர் கழுத்தைக் கட்டிக்கிச்சு. அதுக்கப்புறம் டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை.

ராத்திரி எட்டரைக்கு வீடு திரும்பற எந்த அப்பாவையும் யாரும் அப்படிப் பாக்கறதில்லை. வேலை எனக்குப் பிடிச்சிருக்கு, அவர் நல்லா பாத்துக்கறார், ரெண்டும் உண்மை. அன்னிக்குப் பொறாமைப்பட்டதும் உண்மை. யார்கிட்ட சொன்னாலும் வேலையை விடுன்னுதான் சொல்வாங்க. நிதானம் சார், நீங்க மட்டும் தயவுசெஞ்சு பதில் போடாதீங்க.