12 வால்வு கம்மின்ஸ் டிராக் கார்: ஹெட்டுக்கு ஸ்டட் மட்டும் போதுமா, ஃபயர் ரிங் வேண்டுமா?

நண்பர்களே, பின்சக்கர டிராக் (நேர்கோட்டுப் பந்தய) காரில் 5.9 லிட்டர் 12 வால்வு கம்மின்ஸ் டீசல் இன்ஜின், டீசலைப் பீய்ச்ச பி7100 பம்ப். 4,000 ஆர்பிஎம் வரை சுழலவிடும் கவர்னர் (வேகக் கட்டுப்பாட்டு) ஸ்பிரிங் போட்டாயிற்று. கூடவே கடினமான வால்வு ஸ்பிரிங்கும்; அது இல்லாமல் அந்த வேகத்தில் வால்வு மிதக்கும், அதாவது நேரத்துக்கு மூடாது. டைமிங் கேஸை (முன்பக்க கியர் உறை) இடம் பிசகாமல் வைக்கும் டோவல் பின் நழுவாமல் தகடும் வைத்தாயிற்று. பின் நழுவி கியரில் விழுந்தால் கேஸே உடையும், தயவுசெய்து யாரும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சிக்கல் ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல்மூடி) தான். பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) 40 பிஎஸ்ஐ தாண்டியதும் கூலன்ட் தொட்டியில் குமிழி கிளம்புகிறது, மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறது. ஹெட் போல்ட் பழையதே. டீசல் முன்னதாகவே பீய்ச்சும்படி பம்ப் டைமிங்கை முன்தள்ளியதில் சிலிண்டர் அழுத்தம் ஏறி, ஹெட் தூக்குகிறது என்பது என் கணிப்பு.

போல்ட்டுக்குப் பதில் ஸ்டட் (இரு முனையிலும் மரையுள்ள கம்பி, நட்டால் இறுக்குவது) போட்டு, சூடேறி ஆறியபின் மறுபடி டார்க் வைத்து இறுக்கினால் 60 பிஎஸ்ஐ தாங்குமா? ஃபயர் ரிங்குக்கு (சிலிண்டர் வாயைச் சுற்றி அடைக்கும் உலோக வளையம்) பள்ளம் வெட்டியே ஆக வேண்டுமா? வெட்டினால் ரிங் எவ்வளவு துருத்திக்கொண்டிருக்க வேண்டும்?

இன்னொன்று: இன்ஜின் மட்டுமே ஏறக்குறைய 500 கிலோ. பேட்டரி, டேங்க் இரண்டையும் பின்னால் தள்ளியும் புறப்படும்போது டயர் வழுக்குகிறது. ஆக்சில் ரேஷியோவை (பின் அச்சின் கியர் விகிதம்) குறைப்பதா, பூஸ்டைத் தாமதமாக ஏற்றுவதா? செய்து பார்த்தவர்கள் ரேஷியோ, டயர் அளவு, எக்சாஸ்ட் வெப்பம் மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள்.