மயில் ஆடுனத எழுதுனேன், மேஞ்சத விட்டுட்டேன்

காங்கேயத்துப் பையன்:
விலங்கு நடத்தையில முதுகலை சேந்த வருசம். ஆய்வுக்கு எங்கயும் அலையல. எங்க கொறங்காட்டுல, அதான் வேலி போட்ட மேய்ச்சக் காட்டுல, விடிஞ்சா மயிலு, பொழுது சாஞ்சா மயிலு. சித்திரையில கிளுவை வேலியோரம் நாலு நாள் உக்காந்து நோட்டை ரொப்புனேன். ஆட்டம், அகவல், ரெண்டு ஆண் மயில் தொரத்திக்கிட்டது. அப்பாரு வாங்கிப் பாத்துட்டு, "ஏங்கண்ணு, வெதச்ச கடலையத் தோண்டித் தின்னுச்சே, அது எங்க? ஆடறப்ப நிமுந்து பாக்கற, மேயறப்ப போனைப் பாக்கற"ன்னாரு.

பேராசிரியர்கிட்டச் சொன்னேன். அவிங்க சிரிக்கல. விலங்கு நடத்தைய எப்படிப் பாத்துக் குறிக்கறதுன்னு ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974-ல எழுதுன கட்டுரைய எடுத்து நீட்டுனாங்க. கண்ணுல பட்டதையெல்லாம் குறிச்சா, பளிச்சுன்னு தெரியறதுதான் அடிக்கடி நடக்கறதாட்டத் தோணும். அதுக்குத்தான் ஒரே மயிலைக் குறிச்ச நேரம் விடாமப் பாக்கறது; இல்லீனா இத்தனை நிமிசத்துக்கு ஒருக்கா, அந்த நொடியில ஒவ்வொண்ணும் என்ன பண்ணுதுன்னு எழுதறது. மறுபடி 10 நிமிசத்துக்கு அலாரம் வெச்சேன். பக்கம் பக்கமா மேய்ச்சல், எறகு கோதறது, சும்மா நிக்கறது. ஆட்டத்தைத் தேடோணும். அப்பவும் அப்பாரு விடல: "எவ்வளவு நேரம் தின்னுச்சுன்னு இருக்குது செரி, எவ்வளவு தின்னுச்சு?" அது நோட்டுல இல்லீங்க.

கோயமுத்தூர் பீளமேடு, மெக்கானிக்கல் படிச்சவன்:
ஸ்பின்னிங் மில்லுல மெசின் அதிர்வு பாத்துட்டு இந்த விலங்கு நடத்தைப் படிப்புக்கு வந்தேன். வீட்டுல இன்னும் பேச்சு வாங்கறேன், அது வேற கதை. ஆடற மயிலைப் போன்ல நொடிக்கு 240 பிரேம்ல எடுத்தேன். தோகைய ஒரு தடவ உதற ஒம்பது, பத்து பிரேம்; அப்படின்னா நொடிக்கு 25 தடவ கிட்ட. மயில் ஆட்டத்தை ஆராஞ்ச ரோஸ்லின் டேக்கின் குழு 2016-ல சொன்னதும் நொடிக்குச் சுமார் 25 உதறல்தான். அந்தக் குழுவுல ஒரு இயற்பியல்காரரும் உண்டு. சுத்தியிருக்கற எறகு இழையெல்லாம் நடுங்க, தோகைக் கண்ணு, அதான் தோகையில கண்ணாட்ட இருக்கற புள்ளி, மட்டும் நின்னாப்புல தெரியும். அங்க இழைக ஒண்ணோட ஒண்ணு கொக்கி போட்டுக் கெடக்குது.

கோபிச்செட்டிபாளையம், உளவியல்:
செமினார்ல, "தோகைக் கண்ணு கூடுதலா இருக்கற ஆணைத்தான் பொட்டை மயிலு தேடிப் போகும், ஆய்வாளர் மேரியன் பெட்ரி 1991-லயே காட்டிட்டாங்க"ன்னு கெத்தாச் சொன்னேன். பின்வரிசையில இருந்து ஒரு அக்கா: "ஜப்பான்ல ஏழு வருசம் பாத்து, 2008-ல அப்படியொண்ணும் தெரியலன்னு எழுதுனாங்களே, படிச்சியா?" படிக்கல. அன்னிக்கு மெஸ்ஸுல சோறு எறங்கல.

காங்கேயத்துப் பையன்:
எங்க காட்டுல ஆண் மயிலு ஆட, பொட்டை மயிலு முதுகக் காட்டிட்டு எங்கப்பாரு வெதச்ச கடலையத்தானுங்க பாத்துட்டிருந்துச்சு.