இன்ஜின் பிளாக்கின் தேதியில் கடைசி இலக்கம் 9 என்றால் 1969ஆ, 1979ஆ?

என் 1969 ஷெவர்லே கமாரோ காரின் 350 (கன அங்குல) இன்ஜினில் வெறும் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார் முந்தைய உரிமையாளர். மிச்சிகன் குளிரில் அது உறைந்து பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு உடலை, பிளந்துவிட்டது. உள்ளே சுழலும் தண்டான கிராங்க் நல்லபடி இருந்தது. அதற்குப் பொருந்தும் பிளாக் தேடி ஓஹியோவில் ஒருவரின் கொட்டகைக்குப் போனேன். "69 பிளாக், நாலு போல்ட் மெயின்" என்றார், அதாவது கிராங்க்கைப் பிடிக்கும் மெயின் கேப்புக்கு நாலு போல்ட்.

பின்பக்கம் கியர்பாக்ஸ் உட்காரும் விளிம்பில், டிரைவர் பக்கமாகக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். கறுத்த கிரீஸ் உரிய உரிய, வார்ப்பிலேயே பதிந்த காஸ்டிங் நம்பர் 3970010 வெளியே வந்தது. சந்தோஷம்தான். ஆனால் இதே எண்ணை ஷெவர்லே 1969இலிருந்து 1979 வரை வார்த்தது. சரி, தேதியைப் பார்ப்போம் என்று எதிர்ப்பக்க விளிம்பைத் தேய்த்தால் E 20 9. E ஐந்தாவது எழுத்து, ஆக மே 20. வருடத்துக்கு ஒரே இலக்கம்தான். எந்த 9?

முன்னால் வலது சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான இடத்தைத் தின்னர் துணியால் துடைத்தேன். முத்திரையின் முடிவில் மூன்று எழுத்துகள். 1969 மாடல் வரை இரண்டே எழுத்துதான், 1970இலிருந்துதான் மூன்று. அப்போ இது 79. அடியில் இருக்கும் ஆயில் பானைக் (எண்ணெய்த் தொட்டியை) கழற்றச் சொன்னேன். மெயின் கேப்புக்கு இரண்டிரண்டு போல்ட். அதை காஸ்டிங் நம்பர் சொல்லாது, கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

ஆனாலும் வாங்கினேன், விலையைக் குறைத்து. மெயின் ஜர்னல் (பிளாக்கில் கிராங்க் உட்காரும் இடம்) 2.45 அங்குலம், பின்னால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் இரண்டு துண்டு, என் கிராங்க் அப்படியே உட்காரும். 1986க்குப் பிந்தைய பிளாக் என்றால் ஒற்றைத் துண்டு சீல், தொட்டிருக்க மாட்டேன்.

பதில்: அண்ணே, போரையும் (சிலிண்டர் துளையின் விட்டம்) அளந்தீங்களா? நான் ஒருமுறை அளக்காமல் வாங்கி வந்தேன். 4.00 அங்குலம் இருக்க வேண்டியது 4.060 இருந்தது. இன்னொரு முறை கடைய இடமே இல்லை.

பதில்: அளந்தேன் தம்பி, 4.030. நல்லவேளை.

பதில்: நான் 350 பிளாக்கில் 383 கன அங்குல இன்ஜின் கட்டும்போது ஷெவர்லே 400 இன்ஜினின் கிராங்க் வாங்கினேன். அதன் மெயின் ஜர்னல் 2.65, 350 பிளாக்கில் இறங்கவே இறங்காது. 2.45க்குக் கடைந்தேன். அப்புறம் 3.75 அங்குல ஸ்ட்ரோக்கில் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) பிஸ்டன் ராடின் போல்ட், பிளாக்கில் பான் பொருந்தும் ஓரத்தில் உரசியது. பிளாக்கையும் அங்கே கிரைண்ட் செய்து, கையால் கிராங்க்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். 400 கிராங்க்குக்கு வெளியிலிருந்து பேலன்ஸ் தேவை. கிராங்க்கின் முன்னால் மாட்டும் டாம்பரும் பின்னால் மாட்டும் ஃபிளைவீலும் அதற்கேற்றவைதானா என்று பாருங்கள், 350க்கு உரியதைப் போட்டால் வண்டி அதிரும்.